நீர்க்கிராம்புக்குக் காவல்

தீவு ஊரான பத்துபஸ்தியில் பாதி வீடுகளுக்குப் பின்முற்றத்தில் சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தவர் காண்ட்ராக்டர் ஒச்சப்பன். அவர் வீட்டுப் பின்பக்கம் மட்டும் சேறு. கூரைத் தண்ணீர் தேங்கும் அந்த மூலையில் அவர் மனைவி மங்கையர்க்கரசி நீர்க்கிராம்பு வளர்த்தாள். வாய்க்கால் ஓரங்களில் தானாக முளைக்கிற செடிதான். இடுப்பளவு உயரம், நாலு இதழில் மஞ்சள் பூ. மாயாபந்தர் போனபோது விதையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். தேனீயும் தட்டானும் வந்துபோக ஓர் இடம் வேண்டும் என்பாள்.

ஜூலையில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சிமென்ட் வந்து இறங்கியதும், அந்த மூலையை மூடிவிடப்போவதாக ஒச்சப்பன் சொன்னார். அவள் சண்டைக்குப் போகவில்லை. ஆள் விடாமல் அவரே வெட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

காலையில் அரிவாளோடு போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"அரசி, செடியில பாம்புக்குட்டி தொத்திக்கிட்டு இருக்கு."

அவள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். விரல் தடிமனில் ஒரு புழு. பக்கவாட்டில் கண் வரைந்தது போலப் புள்ளிகள். பெரிய அந்துப்பூச்சியின் குஞ்சு அது, இந்த இலைதான் அதற்குச் சோறு என்றாள். ஒச்சப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். புழு ஓர் இலையை ஓரத்திலிருந்து கடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் மதியம் வேலையிடத்திலிருந்து வந்து பார்த்தார். சுவரில் வந்து உட்கார்ந்த மைனாவைத் துண்டை வீசி விரட்டினார். மைனாவுக்கும் பசிக்குமே என்று அவள் சொன்னபோது, வேறு பூச்சியே கிடைக்கலையாமா என்று முறைத்தார்.

ஐந்தாம் நாள் புழுவைக் காணோம். மனிதர் சோறு தின்னவில்லை. அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகியிருக்கும், வெளியே வர மூன்று வாரம் ஆகும் என்று அவள் தேற்றினாள். மழை ஈரத்தில் மூட்டை இறுகிவிடுமே என்று, சிமென்டை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

புழு மறைந்த இருபதாம் நாள் விடியும்போது, தண்டில் தொங்கியபடி சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது ஒரு பழுப்பு அந்துப்பூச்சி. ஒச்சப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியும் ஓடிவந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அழகா இருக்கேண்ணே. எங்க வீட்டுப் பின்னாலயும் தண்ணி தேங்குது. தளம் போட ஒங்களத்தான் கூப்பிடணும்னு இருந்தேன்."

"தளம் எதுக்கும்மா? நாலு கன்னு தர்றேன், நட்டு வைங்க."

மங்கையர்க்கரசி கணவரை வியப்போடு பார்த்தாள். அவரோ அதற்குள் பூச்சுக் கரண்டியால் கன்றுகளை வேரோடு கிளப்ப ஆரம்பித்திருந்தார்.