செலீன் வீட்டுச் செபமாலை

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் 28, சனிக்கிழமை பின்னேரம், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் செலீன் வீட்டுப் பின்வளவில் நடந்த செபமாலைக்கு, செலீனைத் தவிர, மறுமொழி சொன்னவர்கள் நூற்றுப் பதினேழு பேர். அவர்களில் மனிதர் ஒருவர். மற்றவர்கள் பறவைகள், அணில்கள், ஒரு ரக்கூன் குடும்பம். அன்று குளிர் நாலு பாகை; காற்று குறைவு.

ஒக்டோபர் மாதாவின் மாதம். மொன்றியலில் இருக்கும் யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கர் அந்த மாதம் முழுவதும் மாதா சொரூபத்தை நாளுக்கொரு வீடாகக் கொண்டுபோவார்கள். மாதா வந்த வீட்டில் சனம் கூடும். கோவில் மூப்பர் அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்ல, கூடியிருப்பவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். முடிவில் அவித்த கடலையும் தேத்தண்ணியும். எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியல் மூப்பர் மரியதாசனின் கையில். அதில் செலீனின் பெயர் மூன்று வருடமாக இல்லை. 2003இல், கை நீட்டிய கணவன் எமிலியானுசை அவள் உடுப்புப் பெட்டியோடு வெளியே விட்டுக் கதவைப் பூட்டினாள். அவள் அடி வாங்கியதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. கதவைப் பூட்டியதைப் பற்றி மெற்றோவில்கூடக் கதைத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை செலீன் பொறுத்துக்கொண்டாள். மாதா தன் வாசலைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த இலையுதிர்காலத்திலிருந்து, சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்ததும், பின்வளவு மேப்பிள் மரத்தடியில் சூரியகாந்தி விதையைத் தூவிவிட்டுத் தனியாகச் செபமாலை சொல்லத் தொடங்கினாள். முதற்பாதியைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தால், மறுபாதிக்கு இடம் விட்டுக் காத்திருப்பாள். முதல் வருடம் அந்த இடைவெளியில் இலை விழும் சத்தம்தான் கேட்டது. 2004இல் கறுப்புத் தொப்பிச் சிட்டு ஒன்று மறுபாதியைச் சொன்னது. அடுத்த வருடம் நீலநிற ஜே பறவைகள் சேர்ந்துகொண்டன. இங்கேயே பிறந்தவை என்பதால் ரகரத்தைப் பிரெஞ்சுக்காரர் போலத் தொண்டைக்குள் உருட்டின. முதுகில் கோடில்லாத இந்த ஊர் அணில்கள் ஆமென் மட்டும் சொல்லும். வாய் நிறைய விதை இருந்தால் வேறென்ன சொல்ல முடியும்? செலீன் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்க யார் இருந்தார்கள்?

2006இல் அவள் கோவில் வாசலில் மரியதாசனை மறித்தாள்.

"பத்துப் பேராவது மறுமொழி சொல்லவேணும், பிள்ளை. ஆக்களில்லாத வீட்டிலை மாதாவை எப்பிடி விடுறது?" என்றார் அவர்.

"ஆக்கள் வருவினம், அண்ணை. நீங்கள் கொண்டுவாங்கோ."

"வராட்டித் திருப்பிக் கொண்டுபோவன், சொல்லிப்போட்டன்."

அவர் கொடுத்த நாள் இருபத்தெட்டு. அன்று ரொறொன்ரோவில் ஒரு பெரிய கலியாணம். சனம் முழுக்க அங்கே போயிருந்தது. ஆனாலும் செலீன் ஐந்து இறாத்தல் கடலை அவித்தாள். நாலரை மணிக்கு மரியதாசன் சொரூபத்தைப் பின்வளவு மேசையில் வைத்து, வெறுங்கதிரைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் தொடங்கினார். செலீன் ஒருத்தியின் குரல்தான் மறுமொழி சொன்னது. வேலி நிறையப் பறவைகள் இருந்தன. ஆனால் அவருடைய குரல் அவற்றுக்குப் பழக்கமில்லை, அலகைத் திறக்கவில்லை. முதல் பத்து மந்திரம் முடிந்ததும் அவர் எழுந்து சொரூபத்தில் கை வைத்தார். செலீன் மேசையை மறித்து நின்றாள். "பொறுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்" என்றாள். முதற்பாதியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, மூன்று வருடமாக விட்டுவந்த அதே இடைவெளியை விட்டாள். வேலி, மரம், கூரை எல்லாம் ஒரே குரலில் மறுபாதியைச் சொல்லின. செட்டை சிவந்த கார்டினல் குருவிகள் சொல்லின. பருந்து ஒன்று இரண்டு புறாக்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. இரவில் மட்டும் நடமாடும் தாய் ரக்கூன் நாலு குட்டிகளையும் அரைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிவந்திருந்தது. தெற்கே போய்க்கொண்டிருந்த கனடா வாத்துகள் நாற்பது, பயணத்தை நிறுத்தி, கூரையில் இறங்கி ஆமெனை நீட்டி இழுத்தன. வாயைப் பிளந்தபடி நின்ற மரியதாசன் அடுத்த பத்தில் தன்னையறியாமல் மறுமொழி சொல்லத் தொடங்கினார். தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டவரும் அவர்தான். மாதா அன்று செலீன் வீட்டில் தங்கினார். சந்தோஷம் தாங்காமல் செலீன் விம்மி விம்மி அழுதாள்.

அடுத்த வருடம், வசதியான வீடுகளெல்லாம் போட்டி போடும் மாதக் கடைசி நாளை மரியதாசன் செலீன் பெயரில் எழுதினார். சனம் பின் ஒழுங்கைவரை நின்றது. கதவு பூட்டிய கதையை வீடு வீடாகக் காவித்திரிந்த அக்னெஸ் முன்வரிசையைத் தேடி வந்தார். அங்கே ரக்கூன்கள் இருந்தன.

"நான் எங்கை இருக்கிறது, செலீன்?"

"பின்னுக்கு நில்லுங்கோ, அக்கா. இவை, ஒருத்தரும் வராத காலத்திலை வந்தவை."

அக்னெஸ் பின்னால் போனார். அங்கே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், கோபம் வந்தால் தெருவே நாறப் பீச்சும் ஸ்கங்க் ஒன்று வாலைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அது கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது. செலீன் தொடங்கினாள், இருவரும் சேர்ந்து மறுமொழி சொன்னார்கள்.