மாமனாரின் முதுகு

ஊசி தையல்காரரின் தோளில்தான் இறங்கியது. வலி, திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் படுத்திருந்த பேருந்து நடத்துநரை விட்டுப் போயிற்று. இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. தையல்காரர், "எனக்கு ஒண்ணும் குறையலையே" என்று முறையிட்டார். நடத்துநர் எழுந்து உட்கார்ந்து, பல வருடமாகத் திரும்பாத கழுத்தைத் திருப்பி, அந்தச் சுவரிலும் ஒரு ஜன்னல் இருப்பதை முதன்முறையாகப் பார்த்தார். ஊசி போட்ட பிசியோதெரபிஸ்ட் இதில் பெரிதாக வியப்படையவில்லை. இடுப்பில் இருக்கிற முடிச்சு முழங்காலில் வலிக்கும், கழுத்தில் இருப்பது நெற்றியில் வலிக்கும் என்று அவள் படித்திருந்தாள். ஓர் உடம்புக்குள் அவ்வளவு தூரம் நடக்கிற வலிக்கு ஒரு துணித்திரை எந்த மூலைக்கு?

அவளுடைய ஊசியில் மருந்து கிடையாது. முடியளவு மெல்லிய கம்பி. இறுகிப்போன தசையின் முடிச்சில் சரியாகப் போய் நின்றால் தசை ஒருதரம் மீன்போலத் துள்ளும், பிறகு தளரும். அவ்வளவுதான் வித்தை. துள்ளுகிறவர் ஒருவர், நிம்மதி அடைகிறவர் இன்னொருவர் என்று ஆன பிறகு, சனங்கள் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தோடும் வர ஆரம்பித்தார்கள். இதில் ஏதோ நீதி இருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் ஆசைப்பட்டார்கள். மாமியாரின் கழுத்துவலிக்கான முடிச்சு மருமகளிடம்தான் இருக்கும் என்று சாட்சிகளோடு கிளம்பி வந்த ஒரு குடும்பம், அது கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் கெண்டைக்காலில் இருக்கக் கண்டு, ஏமாந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அப்படியிருக்க, அவளுடைய வலது கட்டைவிரலே வலிக்கத் தொடங்கியது. அந்தத் தொழிலில் கட்டைவிரல்தான் கண். தோலுக்கு அடியில் முடிச்சைத் தேடிக் கண்டுபிடிப்பது அதுதான். முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு ஊசி பிடிக்கையில் நழுவியது. ஒருநாள் ஒரு கிழவரின் தோளை அழுத்திவிட்டு, அங்கே இருப்பது முடிச்சா எலும்பா என்று தெரியாமல் நின்றாள். விரல் போனால் வேலை போச்சு. வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது. கணவனைக் குப்புறப் போட்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை அந்த முடிச்சைத் தேடினாள். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்ததுதான் மிச்சம்.

மாமனாரை அவள் நினைக்கவே இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரியான அவர் ஆரோக்கியச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். பிறந்ததிலிருந்து தலைவலி, கால்வலி என்று ஒன்றையும் அறியாதவர். வலி என்பது சோம்பேறிகள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். வீட்டில் கைதட்டல் இல்லாமலேயே சொல்வார். ஒரு நாள் காலை அதைச் சொல்லிக்கொண்டே, எருமை மரத்தில் உரசுவதுபோல, கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார். அடுக்களையில் அவள் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. அவர் மறுபடி தேய்த்தார். கட்டைவிரல் சுரீர் என்றது, மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டார், எதிர்வீட்டில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"மாமா, ஒரு ஊசி போட்டுக்கணும்."

"எனக்கா? வலியே இல்லாதவனுக்கு ஊசி எதுக்கும்மா? நாளைக்கு சங்கத்துல என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"வலி உங்களுக்கு இல்ல மாமா. எங்களுக்கு."

அவர் மேடையில் பேசுகிற தொனியில் மறுத்தார். அவள் கையை நீட்டிக் காட்டினாள், விரல் மடங்கவில்லை. அப்போது மாமியார் குறுக்கே வந்தார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த முழங்காலோட உங்க பேச்சக் கேட்டுட்டு இருக்கேன். கேட்டதுக்குக் கூலியா ஒரு தடவை கவுந்து படுங்க. வாயையும் தலகாணில வச்சுக்கோங்க."

வீட்டோடு ஒட்டிய அவளுடைய சிகிச்சை அறையைச் சாத்தி, திரை இழுத்து, ஊருக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் படுத்தார். சட்டையைக் கழற்றிய முதுகில் கைவைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வழவழப்பான அந்தத் தோலுக்கு அடியில் கப்பல்துறைக் கயிறுகளைச் சுருட்டி வைத்ததுபோல முடிச்சுக்கு மேல் முடிச்சு. முதல் ஊசி துள்ளியதும் வெளியே சைக்கிள் ஒன்று சரிந்தது. இரண்டாவதற்கு எதிர்வீட்டார் கத்தினார்கள். அடுத்தடுத்துப் போக, தெருவில் ஒவ்வொருவராக உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப்போட நின்றார்கள். நின்றவர்கள் சுமையை இறக்கி வைத்தார்கள், தோளைச் சுழற்றினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஓர் அமைதி இறங்கியது. ஊருக்கு இத்தனை நாளும் ஒரு முனகல் இருந்திருக்கிறது. நின்றபோதுதான் இருந்ததே தெரிந்தது. அந்த அமைதியில் இலைகள் உரசுவது கேட்டது. மாமியார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், எழுந்தார், நம்பாமல் மறுபடி உட்கார்ந்தார். அவளுடைய கட்டைவிரல் இலகுவாக மடங்கியது. அந்த விரலாலேயே தேடி, எல்லாக் கயிறுகளுக்கும் அடியில், பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சைக் கண்டாள். அழுத்தினாள். வெளியே யாரும் கத்தவில்லை.

"ஏம்மா," என்றார் மாமனார், தலையணைக்குள்ளிருந்து. மேடைக்குரல் இல்லை அது. "அங்க என்னமோ பண்ணுதே. என்னது இது?"

"அதுதான் மாமா வலி. இது உங்களோடது."

அவர் தலையணையிலிருந்து முகத்தை எடுத்துத் திருப்பினார். "இதையா நீங்க எல்லாரும் வச்சுக்கிட்டு, வேலையும் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

அந்தச் சின்ன முடிச்சை எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மற்றவை, தசையின் சுபாவப்படி, மெல்ல மெல்லத் திரும்ப இறுகும். அதனால் வாரம் ஒருநாள் அவர் போய்ப் படுக்கிறார், இப்போது திரை இல்லாமலே. ஆரோக்கியச் சங்கத்தில் இன்னும் பேசுகிறார், நடுநடுவே தோளைப் பிடித்துக்கொண்டு. பேச்சு பாதியாகக் குறைந்திருப்பதாகக் கேள்வி. அவர் படுக்கிற நேரத்தில் பேருந்துகள் ஓரமாக நிற்கும், பாத்திரக்கடையில் கண்ணாடிச் சாமானைக் கையில் எடுக்க மாட்டார்கள். முடிவெட்டுபவர், பாதி மழித்த தாடையைப் பாதியிலேயே விட்டு, கத்தியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். நாற்காலியில் இருப்பவரும் கழுத்தை நிமிர்த்தியபடி பேசாமல் காத்திருப்பார்.