ஆணிக்குப் பக்கத்தில் நிழற்பெட்டி

அம்மா செத்து மூன்றாம் நாள்தான் லான்ச்சிங்குக்குச் சேதி அனுப்பினான் அவள் அண்ணன் தெமாவ். மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், ஓட்டமும் நடையுமாய்ப் பிறந்த ஊரான வானானுக்கு வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடத் தயாராகியிருந்தார்கள்.

"குதிரை நேரம்," என்றார் நேரம் குறிக்கும் பாவ், பன்றிக் கொழுப்பு வழிந்த உதட்டை நக்கியபடி. "குதிரைக்கும் எலிக்கும் ஆகாது. எலி வருஷத்துல பொறந்தவங்க சுவரப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

பிறந்த வருடத்தையும் நாளின் பொழுதுகளையும் பன்னிரண்டு விலங்குகளின் பேரால் எண்ணுவது அந்த ஊர் வழக்கம். கூடியிருந்தவர்களில் எலி வருடத்துக்காரி லான்ச்சிங் ஒருத்திதான்.

"ஒரே ஒரு தடவை அம்மா மொகத்தப் பாத்துக்கிறேன் அண்ணே."

"எம் புள்ளைங்களுக்குக் கேடு வரணுமா? திரும்புடி!" மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே சொன்னான் தெமாவ். பெற்றவள் நாறுகிறாளாம்!

திரும்பப் போனவளின் கண் முற்றத்து வெயிலில் கிடந்த பெஞ்சின் மேல் பட்டது. வெயில் நிழலால் நேரம் காட்டும் பாவின் நிழற்பெட்டி அதில் திறந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் இந்தப் பெட்டிகளுக்குக் காந்தமுள் பூட்டியவள் அவள். முள்ளுக்கு நேராகப் பெட்டியைத் திருப்பி வைத்தால்தான் நிழல் சரியான நேரத்தைச் சொல்லும். முள்ளுக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது என்பது இந்தப் பெட்டிகள் செய்கிற வானானில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இங்கோ பெட்டியை ஒட்டி ஒரு குவியல் சவப்பெட்டி ஆணி!

ஆணிகளைத் தரையில் தள்ளினாள். முள் துள்ளி வேறு பக்கம் போய் நின்றது. அதற்கு நேராகப் பெட்டியைத் திருப்பினாள். குதிரைக் குறியின் மேல் இருந்த நிழல் ஆட்டுக் குறியின் மேல் விழுந்தது.

"குதிரை நேரம் எப்பவோ போயாச்சு ஐயா. இது ஆட்டு நேரம். ஆட்டுக்கு ஆகாதது எருது."

கூட்டம் தெமாவைப் பார்த்தது. அவன் எருது வருடத்தவன்.

"ஆணிய யாருய்யா இங்க வெச்சது?" என்று பாவ் ஒன்றும் தெரியாதவர் போல முனகினார். "திரும்பு தெமாவ்."

ஊரார் முன்னால் வேறு வழியில்லை. முகம் வெளிறி, சுவரைப் பார்த்து நின்றான்.

லான்ச்சிங் அம்மாவை மூடியிருந்த துணியை விலக்கினாள். அம்மா நாற்பது வருடமாகக் கழற்றாத பச்சைக்கல் வளையைக் காணோம். கட்டைவிரல் முறிந்து உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. தோல் உரிந்த மணிக்கட்டில் எண்ணெய் பிசுபிசுத்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவன் பெற்றவளின் பிணத்திலேயே பிடுங்கியிருக்கிறான். பக்கத்தில் நின்ற அண்ணி சட்டென்று சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சீ!

"பாத்தாச்சில்ல? மூடுங்க," என்று தெமாவ் தலையை லேசாகத் திருப்பினான்.

"திரும்பாதீங்கண்ணே," என்றாள். "உங்க மூஞ்சிய அம்மா பாக்க வேணாம்."