ஈய பெல்ட்டின் எந்த முனை

1
இந்தக் கதை என் நாத்தனார் சொன்னது. கடலுக்குள் முங்கிப் பார்க்கப் போய்விட்டு வந்தவள், மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அண்ணி, அந்தப் படகுல ஒரு அக்கா. எதைப் பார்த்தாலும் கட்டிப் போடுறாங்க. எல்லாரும் முடிச்சக்கான்னுதான் கூப்பிடறாங்க" என்றாள்.

சிரிப்புக் கதை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: கடல் எதையும் திருப்பித் தருவதில்லை என்று...
(வேண்டாம். தத்துவ வாடை அடிக்கிறது.)

இரண்டாவது: முடிச்சக்கா கஞ்சப் பேர்வழி.
(இதையும் அடித்துவிட்டேன். ஏனென்று மூன்றாம் பகுதியில் தெரியும்.)

2
படகு அவளுடையதும் அவள் வீட்டுக்காரருடையதும். அவர் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப் போவார். அவள் மேலே காவல். காற்று சிலிண்டர்களை ரப்பர் கயிற்றால் இறுக்குவாள். மாஸ்க்குகள் மூடி போட்ட பெட்டிக்குள். முங்குகிறவர்கள் மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும், ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட், பெஞ்சில் அல்ல, தரையில். நாத்தனார் போன அன்று காலை வீட்டுக்காரரின் டார்ச்சையும் அவர் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்காதே. நான் என்ன கன்னுக்குட்டியா?"

"கீழ போட்டுட்டு வந்து நிக்கறதுக்கு இது மேல்."

அவர் முடிச்சை அவிழ்த்து எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குதித்தார்.

3
முதலில் மேலே வந்தவர் ஒரு பல் டாக்டர். களைப்பில் பெல்ட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"சார், தரையில வைங்க."

"ஒரு நிமிஷம்மா, மூச்சு வாங்குது."

எங்கோ போன பெரிய படகின் அலை வந்து இடித்தது. பெல்ட் ஏணிப் பக்கம் கடலை நோக்கி வழுக்கியது. ஏணிக்கு நேர் கீழே அவள் வீட்டுக்காரரின் மூச்சுக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன.

பொருள் போனால் போகட்டும். கீழே ஆள் இருக்கிறார். அவள் கட்டிய கட்டெல்லாம் அதற்குத்தான். (அந்த 'கஞ்சப் பேர்வழி'க்காக இப்போது வெட்கப்படுகிறேன்.)

பாய்ந்து பிடித்தாள்.

பிடித்தது எந்த முனை? பெல்ட்டை வெறும் முனையில் பிடித்தால், கீழே தொங்கும் கொக்கி ஈயக்கட்டிகளைத் தாங்கிக்கொள்ளும். கொக்கி முனையில் பிடித்தால் கட்டிகள் ஒவ்வொன்றாய் நழுவி விழும். நாத்தனாரிடம் போனில் கேட்டேன்.

"கொக்கியைத்தான் பிடிச்சாங்க அண்ணி. கட்டி நழுவ நழுவ இன்னொரு கையைக் குடுத்து, பெல்ட்டைப் படகு விளிம்போட வச்சு அழுத்திட்டாங்க. விரலெல்லாம் ரத்தம். ஆனா ஒண்ணு விழுந்துடுச்சு."

4
நான் யோசித்த முடிவுகள்:

அவர் அந்தக் கட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்து வருகிறார். (சினிமா.)

குமிழிகள் நின்றுவிடு... (எழுத மனசு வரவில்லை. நாத்தனார் சொன்னதும் அதுவல்ல.)

நடந்தது இதுதான். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள், தண்ணீருக்குள் கேட்காதென்று தெரிந்தும். அவர் ஏணியைப் பிடித்து ஏறினார்; தோள்பட்டையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் விரல்களைப் பார்த்தார். பல் டாக்டர் எழுந்து மன்னிப்புக் கேட்டது இருவர் காதிலும் விழவில்லை. வீட்டுக்காரர் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் நல்ல கையால் அவரை ஓர் அடி அடித்துவிட்டு, அவர் ஈர மார்பிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

"என்ன சொன்னாராம்?"

"கேக்கல அண்ணி. அலைச் சத்தம்."

நானும் எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் குரலாக இருக்கிறது. அவர் குரல் வரவில்லை. கோபத்தோடு வாசலைத் தாண்டிப் போய், முழு உடம்போடு திரும்பி வந்து, எதிரில் நின்றவளிடம் நீங்களும் என்றைக்காவது ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அதை இங்கே எழுதுங்கள்:

"........................................"