மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

எனக்குப் பட்டப்பெயரே பாம்புக்காது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்தால் போதும், நோய் எங்கே என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் அன்று கோட்டைவிட்டேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, வேனைக் கொண்டுவந்து என்ஜின் தட்டுகிறது என்றான். காது வைத்துப் பார்த்தேன். தட்டுகிற சத்தமே இல்லை. வண்டி சுத்தமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன். ஓட்டும்போது கேட்கிறதே என்று முனகினான். எனக்கே பாடமா என்று எரிந்து விழுந்து அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவி போன் செய்தாள். வழக்கம்போல வலது காதில் வைத்தேன், அவள் பேச்சே கேட்கவில்லை. போனைத் திட்டிக்கொண்டே இடது காதுக்கு மாற்றினேன், கணீரென்று கேட்டது. கோளாறு போனில் இல்லை, என் வலது காதில். காது போனால் நான் வெறும் ஸ்பேனர் பிடிக்கிற ஆள்தான்.

மறுநாள் காலையிலேயே மனைவி என்னைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் இரண்டு கால் உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே உச்சந்தலையில் வைத்தார். இடது பக்கம் மட்டும் ரீங்காரம். அழுக்கு அடைப்பு இல்லை, உள்காதில்தான் கோளாறு என்றார். சமீபத்தில் சளி, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். போன வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்த்ததை மனைவி போட்டுக்கொடுத்தாள்.

"அந்த வைரஸ் உள்காதையும் பாதிச்சிருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது, நிறைய பேருக்குக் காரணமே தெரியறதில்ல. உடனே வந்தீங்களே, அதுதான் நல்லது."

"திரும்பி வருமா டாக்டர்?"

"பல பேருக்கு வருது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். பட்டறையைப் பூட்டினேன். வீட்டில் எல்லோர்மேலும் சிடுசிடுத்தேன். பயம்தான், வேறென்ன.

ஒன்பதாம் நாள் வலது பக்கம் மிக்சி இரைவது மெல்லக் கேட்டது. பன்னிரண்டாம் நாள் பட்டறையைத் திறந்தேன். முதல் ஆளாக மச்சான் வேனோடு நின்றான். வலது காதைக் கொடுத்தேன். டக், டக், டக். மூன்றாவது சிலிண்டர். கண்ணில் தண்ணீர் முட்டியது.

இத்தனை நாளும் இப்படியேவா ஓட்டினாய் என்று அதட்டினேன்.

"ஓட்டல மாமா. அன்னிக்கே ஓரமா நிறுத்திட்டேன்."

"வேற மெக்கானிக்கே கிடைக்கலையாடா?"

"கிடைச்சாங்க. உங்க காது வரட்டும்னு இருந்தேன்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன்.