தண்ணீர் வடியாத மெஷின்

அவள் ஓட்டல் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆள் உயரத்துக்கு ஆறு மெஷின்கள். எது எப்போது முரண்டு பிடிக்கும், எதை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டு மெஷின் நின்றுபோனபோது அவள் கணவன் கூப்பிட்டது தன் அண்ணனை.

அண்ணன் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர்கள் அவரை 'மேதை' என்பார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்; அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது மெஷினின் மேல்மூடி கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதிவரை சோப்புத் தண்ணீர். அதில் கணவனின் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. மேதை ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் மறுகையில் செல்போனுமாக, யாரோ வேறு ஏதோ மெஷினைப் பிரிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் பட்டப்பகலில் டார்ச் பிடித்தபடி நின்றான்.

"மோட்டார் போயிடுச்சும்மா," என்றார் மேதை, நிமிராமலே.

"போர்டும் போயிருக்கும்னு அண்ணன் சொல்றார்," என்றான் கணவன்.

"டிரம் சுத்தலையா, இல்ல தண்ணிதான் வெளிய போகலையா?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். நீ போய் டீ போடும்மா."

அவள் டீ போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேதை உள்ளே கையை விட்டு ஒரு ஒயரைப் பிடித்தார்.

"மாமா, ப்ளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

கை அப்படியே நின்றது. அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தான். சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சும்மா செக் பண்ணிட்டிருந்தேன்," என்றார் மேதை, கையை மெதுவாக வெளியே எடுத்து.

"கொஞ்சம் நகருங்க."

மூடியை எடுத்து மேலே வைத்தாள். தண்ணீரை மட்டும் வெளியேற்றும்படி குமிழைத் திருகிவிட்டுக் காது கொடுத்தாள். அடியில் பம்ப் முனகியது. தண்ணீர் இம்மியும் அசையவில்லை. மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் கீழ் மூலையில் இருந்த சின்னக் கதவை நகத்தால் நெம்பித் திறந்தாள்.

"இங்க ஒரு கதவு இருக்கா?" என்றான் கணவன். மெஷின் வாங்கி எட்டு வருடம் ஆகிறது.

உள்ளிருந்த குட்டிக் குழாயை இழுத்துத் தட்டில் தண்ணீரை வடித்தாள். ஏழு தட்டு. பிறகு ஃபில்டரைத் திருகி எடுத்தாள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு பஞ்சுருண்டை. அதற்குள் நான்கு பல்குத்தும் குச்சிகள், ஒரு சட்டைப் பித்தான்.

"நான் எப்பவும் பாக்கெட்டைப் பார்த்துட்டுத்தான் போடுவேன்," என்றான் கணவன்.

"நீங்க என்னைக்குத் துணி போட்டீங்க?"

ஃபில்டரைக் கழுவி மாட்டினாள். ப்ளக்கைச் சொருகி, மெஷினுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி குமிழைத் திருகினாள். இந்த முறை தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது. மேதை அதற்குள் தன் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அடைப்புதான். நான் வந்ததால கண்டுபிடிச்சோம். இதுங்களுக்கு என்ன தெரியும்?" தம்பி தலையாட்டினான். அவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசும் அளவுக்கு அவர் அவளுக்கு ஒரு ஆளாகத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு கேட்டாள். "என்கிட்ட ஏன் கேக்கல?"

கணவன் உண்மையாகவே யோசித்தான். "நீ அங்க துணிதானே துவைக்கிற?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. குப்பைக்கூடையில் போட்ட அந்தப் பஞ்சுருண்டையைப் பார்த்ததைப் போலவே அவனையும் ஒருமுறை பார்த்தாள். அவனுடைய சட்டைகளைச் சோப்போடு அள்ளி வாளியில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். மெஷினில் தன் சீருடைகளை மட்டும் போட்டாள்.

ஞாயிறு முழுக்க வாளி அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை காலை அவன் ஈரச் சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஆவி பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.