சுவக்கீனின் யூபோனியக் கச்சேரி

கொட்டாஞ்சேனையில் சவ ஊர்வலமென்றாலும் கலியாணமென்றாலும் சுவக்கீனின் யூபோனியம் என்ற பித்தளைக் குழல் பின்வரிசையில்தான் கேட்கும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். பாட்டை முன்னால் நிற்கிற கொர்னெட்காரர்கள் கொண்டுபோவார்கள். இவன் அடியில் நின்று தாங்கிக் கொடுப்பான். அவனுக்கும் அடியில், எல்லாவற்றிலும் பெரிய குழலான டியூபாவைத் தூக்கிக்கொண்டு கொம்பனித்தெரு மஷூர் நிற்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், இங்கிலாந்து ராஜாவின் முடிசூட்டு விழா நடந்த வருஷம், அரசாங்க வாத்தியக் குழுவில் ஓர் இடம் காலியானது. விரும்புகிறவர்கள் ஒரு மணித்தியாலம் தனிக் கச்சேரி செய்து காட்டவேண்டும், துணைக்கு ஒருவர் வாசிக்கலாம் என்றார் அதற்குப் பொறுப்பான துரை. சுவக்கீனுக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் கிடைத்தது. பியானோக்காரர் யாரையும் அவன் தேடவில்லை. நேரே கொம்பனித்தெருவுக்குப் போய் மஷூரைக் கேட்டான்.

"நாங்க ரெண்டு பேருமா? முன்னுக்கு இருந்தா?" என்று மஷூர் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டு, "செய்வம்" என்றான்.

கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சுவக்கீனின் மேல்வரிசை முன்பல் வலிக்கத் தொடங்கியது. ஊதுகிறவனுக்கு அந்த இடம்தான் எல்லாம். குழலின் வாய் உதட்டில் அழுந்த, உதடு அந்தப் பல்லில்தான் சாய்ந்து நிற்கும். மூன்றாம் நாள் ஈறு வீங்கியது. மனைவி பிறிஜெற் அவனை விடாமல் பல் டாக்டர் பொன்னம்பலத்திடம் கூட்டிப்போனாள்.

"உள்ளுக்குச் சீழ் பிடிச்சிட்டுது. இண்டைக்கே பிடுங்கவேணும்" என்றார் டாக்டர்.

"பிடுங்கினா ஊதேலாது, டாக்டர்."

"பிடுங்காட்டி பக்கத்துப் பல்லும் போகும். பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது."

"இன்னும் ஒன்பது நாள்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவக்கீன் கதிரையை விட்டு எழும்பினான். வீட்டுக்கு வந்ததும் பிறிஜெற் கராம்பு எண்ணெய்யைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள். அந்த ஒன்பது நாளும் அவனுக்குக் கஞ்சிதான். ஒத்திகையில் மேல்சுரங்களை அவன் தொடாமல் விடுவதை மஷூர் கவனித்தான்.

"ஒங்கட பல்ல சொணங்காம டாக்டருக்குக் காட்டுங்க. கச்சேரி இன்னொரு நாளைக்கும் வைக்கலாம் தானே."

"துரை இன்னொரு நாள் வரமாட்டார்."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும்.

கச்சேரி நடந்தது ஒரு சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பிறிஜெற் மூன்றாம் வரிசையில் செபமாலையோடு இருந்தாள். முன்வரிசையில் துரை கால்மேல் கால் போட்டபடி இருந்தார். முதல் உருப்படி மெதுவான ஒரு பாட்டு. சுவக்கீன் அதை வாசித்தபோது, இவ்வளவு காலமும் இந்தக் குரலை ஏன் பின்னால் வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவனுக்கே தோன்றியது. வலி எங்கேயோ தூரத்தில் இருந்தது. கைதட்டல் அடங்கியபோது துரை பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார்.

இரண்டாவது உருப்படியின் நடுவில், ஓர் உயர்ந்த சுரத்துக்காக உதட்டை இறுக்கியபோது ஈறு உடைந்தது. வாய் முழுக்கக் கசப்பும் உப்பும். பல் அசைந்து உதட்டுக்குப் பிடிமானம் இல்லாமற் போயிற்று. குழலுக்குள் வெறும் காற்றுத்தான் போனது. யாரோ ஒருத்தர் சிரித்தார்.

மஷூர் திரும்பிப் பார்த்தான். சுவக்கீனின் தாடையில் இரத்தம் வடிவதைக் கண்டான். கண்டதும் தன்னுடைய துணைவாசிப்பை விட்டுவிட்டு, பாட்டை நின்ற இடத்திலேயே டியூபாவில் எடுத்தான். அந்தப் பெரிய குழலில் அவ்வளவு வேகமான பாட்டை யாரும் கேட்டதில்லை. அது தடுமாறவில்லை. சிரித்தவரும் அடங்கிப்போனார். சுவக்கீன் யூபோனியத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊதாமலே, விரல்களை மட்டும் பாட்டோடு அழுத்திக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்தான். துரையின் கண் தன்மேல் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

டாக்டர் மூன்று பல்லைப் பிடுங்கினார்.

இரண்டு கிழமையால் அரசாங்க வாத்தியக் குழுவில் இடம் தருவதாகக் கடிதம் வந்தது, மஷூருக்கு. அவன் அதைப் பிரித்தபடியே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தான்.

"நான் கேட்டுப் போகல்ல, சுவக்கீன். நீங்க வேணாமெண்டா நான் போறல்ல."

சுவக்கீன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. தன்னைக் கேட்காமலே போயிருந்தால் இவனைத் திட்டவாவது முடிந்திருக்கும் என்று நினைத்தான்.

"போங்க. உங்கட வாசிப்புக்குத்தானே குடுத்திருக்கினம்" என்றான். பல் இல்லாத வாயில் அந்தச் சொற்கள் அவனுக்கே வேறு யாருடையவோ போலக் கேட்டன.

மூன்று மாதத்துக்குப் பிறகு பொய்ப்பல் கட்டினான். வீட்டில் பிறிஜெற் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்க, கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தான். முதல் சுரத்திலேயே பல்லுக்கட்டு கழன்று நாக்கில் விழுந்தது. மறுபடியும் பொருத்தினான், மறுபடியும் விழுந்தது. கொஞ்ச நாள் இப்படி நடந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை யூபோனியத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பழைய பாண்ட் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது.

மஷூர் நோன்புப் பெருநாளைக்கு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டு வந்தான். அரசாங்க உடுப்பில் அவன் கொஞ்சம் பருத்திருந்தான். பிறிஜெற்தான் வாசலுக்குப் போனாள்.

"அவர் இல்லையே. துறைமுகத்துக்குப் போயிட்டார்."

மஷூர் வாசற்படியில் கிடந்த சுவக்கீனின் சப்பாத்துகளைப் பார்த்தான். உள்ளே கட்டிலில் இருந்த சுவக்கீன் கால்களை மடக்கி மேலே இழுத்துக்கொண்டான்.

"சரி. நான் வந்தெண்டு சொல்லுங்க" என்று பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு மஷூர் படியிறங்கிப் போனான்.

அடுத்த பெருநாளைக்கு அவன் வரவில்லை.